த்ரூஃபோவின் 'லே மிஸ்தோன்' (1957): அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது என்ன படம்? யார் எடுத்தது?

பிரான்சுவா த்ரூஃபோ 1957 கோடையில், தென் பிரான்சின் நீம் நகரத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் எடுத்த கறுப்பு வெள்ளைக் குறும்படம். மொரீஸ் போன்ஸ் என்ற எழுத்தாளர் 1955இல் வெளியிட்ட சிறுகதைத் தொகுப்பில் உள்ள ஒரு கதையைத் தழுவியது. தலைப்பை நம் பேச்சில் 'வாண்டுகள்' என்று சொல்லலாம்.

அப்போது த்ரூஃபோவுக்கு 25 வயது. 'கையே து சினிமா' இதழில் கடுமையான விமர்சகராகப் பெயர் எடுத்திருந்தார். 1954 ஜனவரி இதழில் அவர் எழுதிய ஒரு கட்டுரை, அன்றைய பிரெஞ்சு சினிமாவின் பெரிய மனிதர்கள் பலரை வம்புக்கு இழுத்தது. இலக்கியத்தைத் திரைக்கதையாசிரியர்கள் தங்கள் வசதிக்கு வெட்டி ஒட்டுகிறார்கள், அரங்குக்குள் செட் போட்டு வாழ்க்கையைப் பொய்யாக்குகிறார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. இப்படி எழுதியவர் கேமராவைக் கையில் எடுத்தால் என்ன செய்வார் என்று பலரும் காத்திருந்தார்கள். அதற்கு முன் நண்பர்களோடு சேர்ந்து 16 மில்லிமீட்டரில் ஒரு சிறு முயற்சி செய்து பார்த்திருந்தார். ஆனால் இயக்குநர் த்ரூஃபோவின் கணக்கு 'லே மிஸ்தோன்' படத்தில்தான் தொடங்குகிறது.

கதை என்ன? (முடிவையும் சொல்லியிருக்கிறேன்)

கோடை விடுமுறை. ஐந்து சிறுவர்கள். அவர்களுக்கு ஊரில் ஒரு தேவதை: பெர்னாதெத். அவள் சைக்கிளில் போனால் பின்தொடர்கிறார்கள். அவளுக்கு ஜெரார் என்ற காதலன் இருக்கிறான், உடற்பயிற்சி ஆசிரியர். அவளைக் காதலிக்கும் வயது தங்களுக்கு இல்லை என்பது சிறுவர்களுக்குத் தெரிகிறது. அதனால் அவளை வெறுப்பதென்றும், அந்தக் காதலைப் பாடாய்ப் படுத்துவதென்றும் முடிவு கட்டுகிறார்கள். காதலர்கள் டென்னிஸ் ஆடினால் கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்க்கிறார்கள். திரையரங்கில் முத்தமிட்டால் கூச்சல் போடுகிறார்கள். இருவர் பெயரையும் சுவரில் எழுதி ஊருக்கே பறைசாற்றுகிறார்கள்.

ஜெரார் மலையேற்றத்துக்காக மூன்று மாதம் வெளியூர் கிளம்புகிறான். திரும்பி வந்ததும் திருமணம். அவன் இல்லாத நேரத்தில் சிறுவர்கள் பெர்னாதெத்துக்குக் கேலியாக ஓர் அஞ்சலட்டை அனுப்புகிறார்கள். பிறகு, ஜெரார் மலையில் இறந்துவிட்டான் என்ற செய்தி வருகிறது. கோடை முடிகிறது. கறுப்பு உடையில் பெர்னாதெத் நடந்து வருகிறாள். படமும் அங்கேயே முடிகிறது.

சாவில் முடியும் படத்தை நகைச்சுவைப் படம் என்று எப்படிச் சொல்வது?

சொல்லலாம். ஏனென்றால் இதில் வரும் சிரிப்பு பொய்ச் சிரிப்பு கிடையாது. டென்னிஸ் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து தலைகளும் பந்தோடு சேர்ந்து இடமும் வலமும் திரும்ப வேண்டும். ஆனால் கண்கள் பந்தின் மேல் இல்லை. பெர்னாதெத் ஓடும் பக்கமெல்லாம் அவர்கள் பார்வையும் ஓடுகிறது. வசனமே தேவைப்படவில்லை. உலகத்தில் எந்த ஊரில் வளர்ந்த பையனுக்கும் அந்த வேலியோர நிற்றல் புரியும்.

சிறுவர்கள் துப்பாக்கிச் சண்டை விளையாடும் இடம் ஒன்று உண்டு. சுடப்பட்டவன் சுருண்டு விழுகிறான். உடனே படச்சுருள் பின்னோக்கி ஓட, செத்தவன் அப்படியே எழுந்து நிற்கிறான். பார்க்கும்போது சிரித்துவிடுவோம். ஜெராரின் சாவுச் செய்தி வந்த பிறகுதான் அந்தக் காட்சி மனத்துக்குள் வேறு விதமாகத் திரும்ப வரும். விளையாட்டில் சாவைத் திருப்பி ஓட்டிவிடலாம் என்று பழகிய பையன்களுக்கு, திருப்ப முடியாத ஒன்று முதல்முறையாக நேர்கிறது. த்ரூஃபோ இதை எங்கும் சுட்டிக்காட்டிப் பேசவில்லை. அந்தக் காட்சியை வைத்துவிட்டுப் போய்விடுகிறார். 25 வயதில் இவ்வளவு அடக்கம் யாருக்கு வரும்!

இடையில் கதை சொல்லும் குரல் யாருடையது?

அந்த ஐவரில் ஒருவனுடைய குரல். ஆனால் சிறுவனின் குரல் கிடையாது. வளர்ந்து ஆளான பிறகு, அந்தக் கோடையை நினைத்துப் பார்க்கிறவனின் குரல். மிஷெல் பிரான்சுவா என்ற நடிகர் பேசியிருக்கிறார். ஐவரில் இவன் எவன் என்று படம் கடைசிவரை சொல்வதே இல்லை. எல்லாமே 'நாங்கள்' கணக்கில்தான் வருகிறது.

இந்தப் படத்தின் உயிரே இந்தக் குரல்தான் என்று நான் நம்புகிறேன். திரையில் இருப்பவர்கள் பன்னிரண்டு வயதுக்காரர்கள். பேசுகிறவனோ காதல் என்றால் என்ன, இழப்பு என்றால் என்ன என்று தெரிந்தவன். சிறுவர்கள் செய்யும் கொடுமையைச் சிறுவர்கள் அறிய மாட்டார்கள். குரலுக்குத் தெரியும். ஆகவே ஒவ்வொரு சேட்டையும் நடக்கும்போதே வேடிக்கையாகவும் குற்றவுணர்வாகவும் நம்மை வந்தடைகிறது. பால்ய நினைவுப் படங்கள் பெரும்பாலும் 'அந்தக் காலம் எவ்வளவு இனிமையானது' என்று உருகும். இந்தப் படத்தில் உள்ள ஏக்கம் வேறு ரகம். அந்தக் கோடை அழகாக இருந்தது என்கிறது. அந்தக் கோடையில் நாங்கள் ஒருத்தியைப் படுத்திய பாட்டை எங்களால் இனித் திருத்த முடியாது என்றும் சொல்கிறது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறது.

இன்னொன்றும் கவனியுங்கள். குரல் கொஞ்சம் புத்தகத்தனமாக, செதுக்கிய உரைநடையில் பேசுகிறது. சிலருக்கு இது பிடிப்பதில்லை. படம் பார்க்கிறோமா, கதை வாசிக்கக் கேட்கிறோமா என்று சலித்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்தக் குறை தெரியவில்லை. இலக்கியத்தைத் திரைக்கு ஏற்றபடி நறுக்குவதைத் திட்டியவர், கதாசிரியரின் நடையை அப்படியே குரலாக ஒலிக்க விட்டிருக்கிறார். விமர்சனத்தில் சொன்னதைச் செய்து காட்டியிருக்கிறார்.

சிறுவர்களின் ஆசையைப் பற்றிய படம் என்கிறார்கள். முகம் சுளிக்கும்படி ஏதாவது இருக்கிறதா?

இல்லை. பெர்னாதெத் சைக்கிளில் வரும் தொடக்கக் காட்சியில் காற்றில் பாவாடை பறக்கிறது. அவள் சைக்கிளை நிறுத்திவிட்டுப் போனதும் சிறுவன் ஒருவன் அதன் இருக்கையருகே குனிகிறான். அந்த இடம் மட்டும் மெதுவாக ஓடுகிறது. கோயிலில் பிரசாதத் தட்டின் முன் குனியும் பக்தனுக்குரிய பணிவுதான் அந்தக் குனிவில் தெரிகிறது. அதற்கு மேல் கேமரா எதையும் துருவவில்லை.

ஆசை என்று இங்கே சொல்வது, அந்த வயதில் வந்து நிற்கும் பெயர் தெரியாத ஒரு தவிப்பை. ஒருத்தி அழகாக இருக்கிறாள் என்பதே தாங்க முடியாத செய்தியாக இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவளிடம் பேச முடியாது; தங்களுக்குள் ஒருவனிடம் ஒருவன் ஒப்புக்கொள்ளவும் முடியாது. ஐவராகச் சேர்ந்துவிட்டால் கேலி செய்யலாம். தனியாக இருக்கும்போது வெட்கமாகிற ஒன்று கூட்டமாகும்போது முரட்டுத்தனமாகிறது. இந்த மாற்றத்தைப் பதினெட்டு நிமிடத்துக்குள் இவ்வளவு துல்லியமாகக் காட்டிய படம் வேறொன்றை நான் பார்த்ததில்லை.

பெர்னாதெத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் இது தொல்லை அல்லவா?

ஆம், தொல்லைதான். பின்தொடர்வது, ஒளிந்து பார்ப்பது, சுவரில் பெயர் எழுதுவது, ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கேலி அஞ்சலட்டை அனுப்புவது. எதையும் 'பிள்ளை விளையாட்டு' என்று தள்ளிவிட முடியாது. படம் அப்படித் தள்ளுவதாகவும் எனக்குத் தோன்றவில்லை. அந்தக் குரலில் இருக்கும் கனம் அதற்குச் சாட்சி.

ஆனால் படத்தின் பலவீனம் இங்கேதான் இருக்கிறது. பெர்னாதெத் என்ன நினைக்கிறாள் என்று நமக்குத் தெரிவதே இல்லை. அவள் சிரிக்கிறாள், ஓடுகிறாள், டென்னிஸ் ஆடுகிறாள், முத்தமிடுகிறாள். எல்லாமே வெளியிலிருந்து பார்த்தவை. சிறுவர்களின் பார்வைக்குள் அடைபட்ட கதை என்பதால் இது நியாயம்தான் என்று வாதிடலாம். இருந்தாலும், கறுப்பு உடையில் அவள் நடந்து வரும் அந்தக் கடைசிச் சில நொடிகளில்தான் அவளும் ஒரு மனுஷி என்பது திரையை நிறைக்கிறது. இன்னும் முன்னதாகவே ஒரு கணமாவது அவளோடு தனியாக இருக்க விட்டிருக்கலாம்.

நீம் நகரத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்?

நாயகி பெர்னாதெத் லாஃபோன் பிறந்த ஊர் அது. 1938இல் பிறந்தவர், இதுதான் அவருடைய முதல் படம். ஜெராராக நடித்த ஜெரார் பிளேன் அப்போது அவருடைய கணவர். நடிகர்களின் பெயர்களே பாத்திரங்களின் பெயர்களும் ஆயின.

அந்த ஊரின் வெயிலும் கல்லும் படத்துக்குக் கிடைத்த வரம். பெர்னாதெத் சைக்கிளில் கடக்கும் போன் து கார், ரோமானியர்கள் நீம் நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவர முதல் நூற்றாண்டில் கட்டிய பாலம். ஏறத்தாழ 49 மீட்டர் உயரம், மூன்று அடுக்கு வளைவுகள். ஊருக்குள் இருக்கும் ரோமானிய வட்டரங்கும் படத்தில் வருகிறது. ஒரே ஒரு கோடை நீடித்த காதலை, இரண்டாயிரம் ஆண்டு நிற்கும் கற்களின் முன் நிறுத்தியிருக்கிறார். பாரிஸ் படப்பிடிப்புக் கூடங்களில் அட்டையால் எழுப்பிய தெருக்களையே பார்த்துப் பழகிய அன்றைய ரசிகர்களுக்கு, நிஜ வெயிலில் ஒருத்தி சைக்கிள் மிதிப்பதே புத்துணர்ச்சியாக இருந்திருக்கும். ஒளிப்பதிவாளர் ழான் மாலிழ் அந்த வெயிலை நன்றாகவே பிடித்திருக்கிறார். மொரீஸ் லெ ரூவின் இசை அந்தச் சைக்கிளோடு சேர்ந்தே உருள்கிறது.

தோட்டக்காரர் மேல் தண்ணீர் பீய்ச்சும் காட்சி எதற்கு?

அது 1895ஆம் ஆண்டுக்கு ஒரு வணக்கம். லூமியேர் சகோதரர்களின் தொடக்க காலத் துண்டுப் படம் ஒன்றில், செடிக்குத் தண்ணீர் விடும் தோட்டக்காரரின் குழாயை ஒரு சிறுவன் மிதிக்கிறான். தண்ணீர் நிற்கிறது. அவர் குழாயின் வாயை உற்றுப் பார்க்கும்போது காலை எடுக்கிறான். சினிமாவில் முதன்முதலில் எடுக்கப்பட்ட நகைச்சுவைக் கதைகளில் ஒன்று அது. அதன் நாயகனே ஒரு வாண்டுதான். தன் வாண்டுகளை த்ரூஃபோ அந்த வம்சத்தில் சேர்க்கிறார்.

இதற்கு எதிர்மாறான ஒரு காட்சியும் உண்டு. சிறுவர்கள் ஒரு சினிமா சுவரொட்டியைக் கிழிக்கிறார்கள். அது ழான் தெலானுவா 1955இல் இயக்கிய, வழிதவறிய சிறுவர்களைப் பற்றிய ஒரு படத்தின் சுவரொட்டி. பிள்ளைகளைப் பெரியவர்களின் இரக்கத்துக்குரிய பொருளாக மட்டும் காட்டும் படம் என்று த்ரூஃபோ அதைப் பத்திரிகையில் விளாசியிருந்தார். விமர்சகரின் கோபத்தைச் சிறுவர்களின் கைகளில் கொடுத்துவிட்டார்!

காதலர்கள் திரையரங்கில் பார்க்கும் படத்துக்கும் கதை உண்டு. அது நண்பர் ழாக் ரிவெத் 1956இல் எடுத்த குறும்படம். அந்தக் கூட்டாளிகள் ஒருவர் படத்தில் ஒருவர் தலைகாட்டுவதும், ஒருவர் படத்தை மற்றவர் திரையிடுவதும் வழக்கம். பிற்பாடு பிரெஞ்சு சினிமாவின் 'புதிய அலை' என்று உலகம் அழைத்தது, அப்போது ஒரு நண்பர் வட்டமாகத்தான் இருந்தது.

குறைந்த செலவில் எப்படி எடுத்தார்?

இந்தப் படத்துக்காகவே 'லெ ஃபில்ம் து கரோஸ்' என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். தான் வணங்கிய இயக்குநர் ழான் ரெனுவாரின் ஒரு படத்தலைப்பிலிருந்து எடுத்த பெயர். அதே ஆண்டு அக்டோபரில் அவர் மணந்த மதலேனின் தந்தை, படவிநியோகத் தொழிலில் பெரிய புள்ளி. அந்த வழியில் உதவி கிடைத்தது. பால்ய நண்பர் ரோபேர் லாஷனே தயாரிப்பு வேலைகளைக் கவனித்துக்கொண்டார். செட் கிடையாது. நட்சத்திரங்கள் கிடையாது. சிறுவர்கள் தொழில்முறை நடிகர்கள் கிடையாது.

'400 அடிகள்' படத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு உண்டு. படம் முடிந்த பிறகு த்ரூஃபோ சொன்னது சுவையானது. ஐந்து பையன்கள் காதலர்களைத் துன்புறுத்துகிறார்கள் என்ற கதைப் பகுதியை எடுக்கும்போதெல்லாம் தனக்குச் சங்கடமாக இருந்ததாகவும், பையன்களை அவர்கள் போக்கில் விட்டு, கிட்டத்தட்ட ஆவணப்படம்போல எடுத்த இடங்களில் மகிழ்ச்சியாக இருந்ததாகவும் சொன்னார். படத்தைப் பார்த்தாலே இது புரியும். காட்டுக்குள் ஒளிந்து பார்க்கும் காட்சிகளில் இயக்குநரின் கை தெரிகிறது. மூச்சிரைக்க ஓடும்போதும், ஒருவனை ஒருவன் தள்ளிவிடும்போதும் பையன்கள் தானாக இயங்குகிறார்கள்.

அந்தப் பாடத்தை எடுத்துக்கொண்டு 1958 நவம்பரில் தன் முதல் முழுநீளப் படமான '400 அடிகள்' படப்பிடிப்பைத் தொடங்கினார். இம்முறை ஐவருக்குப் பதில் ஒருவன். பிறர் கதைக்குப் பதில் தன் சொந்தப் பால்யம். 1959 கான் விழாவில் சிறந்த இயக்குநர் விருது கிடைத்தது. முந்தைய ஆண்டு அதே விழாவுக்கு விமர்சகராக அனுமதிச் சீட்டு மறுக்கப்பட்டவர் அவர்.

பெர்னாதெத் லாஃபோன் பிறகு என்ன ஆனார்?

புதிய அலையின் முகங்களில் ஒருவரானார். உடனடியாக, பிளேனுடன் சேர்ந்து க்ளோத் ஷப்ரோலின் முதல் படத்தில் நடித்தார். 1972இல் மீண்டும் த்ரூஃபோவின் நாயகியானார். இந்த முறை பார்க்கப்படும் பொம்மையாக இல்லை. எல்லா ஆண்களையும் தன் விரலில் ஆட்டிவைக்கும் வாயாடியாக. 2013இல் காலமாகும்வரை நடித்துக்கொண்டே இருந்தார். நீம் நகர நாடக அரங்குக்கு இன்று அவர் பெயர்.

நான் பார்த்த பிரதியில் நீளம் வேறு மாதிரி இருக்கிறதே?

முதலில் படம் இன்னும் நீளமாக இருந்தது. பின்னாளில் த்ரூஃபோவே வெட்டிக் குறைத்தார். இப்போது கிடைப்பது பெரும்பாலும் 18 நிமிடத்தை ஒட்டிய பதிப்பு. வசன வரிகள் உள்ள பிரதியாகத் தேடுங்கள். குரல் புரியாமல் இந்தப் படத்தைப் பார்ப்பது பாதிப் படம் பார்ப்பதுதான்.

இது பிடித்திருந்தால் அடுத்து எதைப் பார்க்கலாம்?

தயங்காமல் 'அந்துவான் எ கொலெத்' பாருங்கள். 1962இல் ஐந்து நாட்டு இயக்குநர்கள் சேர்ந்து, இருபது வயதுக் காதலைப் பற்றி ஆளுக்கொரு துண்டு எடுத்த தொகுப்புப் படத்தில் த்ரூஃபோவின் பங்கு அது; சுமார் அரை மணி நேரம். '400 அடிகள்' படத்தில் ழான்-பியர் லெயோ நடித்த சிறுவன் அந்துவான் இப்போது வளர்ந்து, இசைத்தட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான்; நடிப்பவரும் அதே லெயோதான். இசைக் கச்சேரியில் கொலெத்தைப் பார்க்கிறான். சற்றுத் தள்ளி உட்கார்ந்து, இசையை விட்டுவிட்டு அவளுடைய காலையும் கழுத்துச் சங்கிலியையும் கவனிக்கிறான். அவளுக்காக அவள் வீட்டுக்கு எதிரே குடிவருகிறான். அவள் பெற்றோருக்கு அவனை மிகவும் பிடித்துப் போகிறது, அவளுக்குத்தான் பிடிக்கவில்லை. கடைசியில் அவள் இன்னொருவனோடு வெளியே கிளம்ப, இவன் அவளுடைய அம்மா அப்பாவோடு உட்கார்ந்து தொலைக்காட்சி பார்க்கிறான். இவ்வளவு மென்மையாக ஒருவனுடைய தோல்வியைச் சிரிக்கவைத்துச் சொன்ன படம் அரிது. வாண்டுகள் செய்த கொடுமைக்கு, அதே ஆசை சில ஆண்டுகள் கழித்து வாங்கிக்கொள்ளும் அடி என்றுகூட இதைப் பார்க்கலாம்.

எரிக் ரோமெர் 1963இல் முடித்த, ரொட்டிக்கடைப் பெண் ஒருத்தியைப் பற்றிய குறும்படமும் நல்லது. ஆனால் அதில் ஏக்கத்தைவிடக் கணக்கு வழக்கு அதிகம். ழான் விகோ 1933இல் எடுத்த விடுதிப் பள்ளிப் படத்தையும் விட்டுவிடாதீர்கள். த்ரூஃபோவின் சிறுவர்கள் எல்லோருக்கும் அங்கே அண்ணன்மார் இருக்கிறார்கள்.

வளரும் பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்கலாமா?

பதின்வயதுப் பிள்ளைகளோடு தாராளமாகப் பார்க்கலாம். அவர்களுக்குக் காட்ட வேண்டும் என்றே சொல்வேன். ஆண்பிள்ளைகள் இருக்கும் வீட்டில், அந்த அஞ்சலட்டைக் காட்சி முடிந்ததும் ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு, அதை வாங்கிப் படிக்கும்போது பெர்னாதெத்துக்கு எப்படி இருந்திருக்கும் என்று கேளுங்கள். பதிலை நீங்களே எடுத்துக் கொடுக்காதீர்கள். மிச்சப் படத்தை ஓடவிடுங்கள்.